செம்மண் கொல்லைக்கு ஒரு பவர் வீடர்: வாங்கியதும், ஓட்டியதும், சீல் மாற்றியதும்

அணைக்கட்டுக்கும் ஒடுகத்தூருக்கும் இடையில், ஜவ்வாது மலையின் அடிவாரச் சரிவு சமவெளியாக மாறத் தொடங்கும் இடத்தில், எங்களுக்கு ஒரு காணிக்குச் சற்றுக் குறைவான நிலம் இருக்கிறது. கிணற்றை ஒட்டிய 50 சென்ட்டில் கத்தரி வைக்கிறோம். அதற்கு மேற்கே மேடாக இருக்கும் 70 சென்ட் கொல்லையில் மல்லாட்டை (நிலக்கடலை) போடுகிறோம். அப்பா காலத்தில் ஒரு ஜோடி மாடு இருந்தது. மாடு போன பிறகு வாடகை டிராக்டரை நம்பினோம். ஆனால் அரை ஏக்கருக்காக வண்டியை இறக்க எந்த டிராக்டர்காரருக்கும் மனம் வருவதில்லை. வந்தாலும் முதல் உழவோடு அவர் வேலை முடிந்துவிடும். செடி முளைத்த பிறகு வரிசைக்குள் களை எடுப்பதுதான் உண்மையான பாடு. களைக்கு வந்து கொண்டிருந்த பெண்களில் பாதிப்பேரை ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கத்துக் காலணித் தொழிற்சாலைகளின் வேன்கள் காலையிலேயே ஏற்றிச் சென்றுவிடுகின்றன. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்படித்தான் ஒரு சிறு உழவுக் கருவியை வாங்குவது என்ற முடிவுக்கு வந்தேன்.

வாங்கப் போனபோது நான் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை எச்.பி.?" என்பதுதான். இன்று அந்தக் கேள்வியை மூன்றாவதாகவோ நான்காவதாகவோ கேட்பேன். கடைகளில் 'மினி டில்லர்' என்ற ஒரே பெயரில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று நான்கு கருவிகளைக் காட்டுகிறார்கள். பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஓட்டும் டூ-ஸ்ட்ரோக் சிறு கருவி, மாடித் தோட்டத்துக்கும் வீட்டுக் கொல்லைப்புறத்துக்கும் போதும். ஏற்கெனவே இளகிய மண்ணைக் கிளறும், இறுகிய செம்மண்ணில் தவிலடிக்கும். அடுத்தது, களையெடுக்கவும் உழவும் உதவும் 5 முதல் 9 குதிரைத்திறன் வரையிலான பவர் வீடர். இதில் பெட்ரோலும் உண்டு, டீசலும் உண்டு. அதற்கு மேல் 12, 13 குதிரைத்திறன் கொண்ட பவர் டில்லர். அது சேற்றுழவுக்கும் வண்டி இழுக்கவும் நல்லது, ஆனால் 300 கிலோவைத் தாண்டிய எடையோடு வரப்பு ஓரத்தில் அதைத் திருப்ப இரண்டு ஆள் பலம் வேண்டும்.

இந்த வகைகளுக்குள் இன்னொரு பிரிவு இருக்கிறது. கடையில் யாரும் அதைத் தாமாகச் சொல்லவில்லை. சில கருவிகளில் சக்கரம் தனியாகவும் கத்தி பின்னால் தனியாகவும் சுழலும். சக்கரம் வண்டியை இழுக்க, கத்தி தன் பாட்டுக்கு மண்ணைக் கிளறும். அதனால் கெட்டியான தரையிலும் கருவி ஒரே வேகத்தில் போகும். வேறு சிலவற்றில், சக்கரத்தைக் கழற்றிவிட்டு அதே அச்சில் கத்தி உருளைகளை மாட்ட வேண்டும். கத்திதான் சக்கரம், சக்கரம்தான் கத்தி. இந்த இரண்டாவது வகை எடை குறைவு, விலை குறைவு, குறுகிய இடத்தில் எளிதாகத் திரும்பும். ஆனால் அதை முன்னே ஓடவிடாமல் நிறுத்தி வைப்பது ஓட்டுபவருடைய பொறுப்பு. நான் வாங்கியது இந்த வகையில், 7 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சின் கொண்ட பழைய பவர் வீடர். எழுபது கிலோவுக்குச் சற்று மேல் எடை. மூன்று சக்கர ஆட்டோவில் ஏற்றிக் கொண்டு வர முடிந்தது.

புதிதாக வாங்குபவர்கள் வேளாண்மைப் பொறியியல் துறையின் மானியத்தைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் கீழ், சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆகியோருக்கு 50 விழுக்காடும் மற்றவர்களுக்கு 40 விழுக்காடும் வழங்குகிறார்கள். ஒவ்வொரு கருவிக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. உழவன் செயலியிலேயே பதிவு செய்யலாம். பழைய கருவி வாங்கியதால் எனக்கு அது கிடைக்கவில்லை. இருந்தாலும் அலைந்ததில் ஒன்று தெரிந்துகொண்டேன்: பண்ணைக் கருவிகளுக்கு ஆந்திராவில் அனந்தப்பூர் பக்கத்தில் கார்லதின்னேயில் உள்ளது போன்ற அரசுச் சோதனை நிலையங்கள் சோதனை அறிக்கை தருகின்றன. கத்தி எவ்வளவு அகலம் வெட்டுகிறது, எவ்வளவு ஆழம் இறங்குகிறது, மணிக்கு எவ்வளவு எரிபொருள் குடிக்கிறது, கைப்பிடியில் அதிர்வு எவ்வளவு என்பதையெல்லாம் அதில் அளந்து எழுதியிருப்பார்கள். விளம்பரத் தாளில் 'ஆழம் ஓரடி வரை' என்று போட்டிருப்பதை நம்புவதைவிட அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படிப்பது மேல்.

கருவி வீட்டுக்கு வந்தது பங்குனிக் கடைசியில். மல்லாட்டை பறித்து இரண்டு மாதம் ஆகியிருந்த மேட்டுக் கொல்லையில்தான் முதலில் இறக்கினேன். மண் காய்ந்து வெடித்து, மேலே சரளைக்கல் பரவிக் கிடந்தது. எஞ்சினை முடுக்கிக் கிளட்ச்சைப் பிடித்த கணத்தில் கருவி மண்ணைத் தோண்டுவதற்குப் பதிலாகத் தரைமேல் குதித்துக் குதித்து ஓடத் தொடங்கியது. கத்தி இறங்காத இடத்தில் அது சக்கரமாகத்தானே வேலை செய்யும்? நான் கைப்பிடியைப் பிடித்தபடி பின்னாலேயே ஓடினேன். பக்கத்துக் கொல்லைப் பெரியவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து இதைப் பார்த்துக் கொண்டிருந்தார்.

"இன்னா தம்பி, மிஷின நீ ஓட்டுறியா, உன்ன மிஷினு ஓட்டுதா?" என்றார்.

"மண்ணு எறங்க மாட்டேங்குது பெரியப்பா" என்றேன்.

"காஞ்ச மண்ணுல மாடே ஏர இழுக்காது. மழ ஒன்னு வரட்டும், இல்ல தண்ணி கட்டி மூணு நாள் விடு" என்றார்.

அன்று இருபது நிமிடத்தில் ஒரு கத்தியின் முனை கல்லில் மோதி வளைந்ததுதான் மிச்சம். சித்திரை முதல் வாரத்தில் ஒரு கோடை மழை பெய்தது. மறுநாளே இறங்கத் துடித்த என்னைப் பெரியவர் தடுத்தார். மூன்றாம் நாள் காலையில் அவரே வந்து, மேல் மண்ணைக் காலால் ஒதுக்கிவிட்டு, நான்கு விரல் ஆழத்திலிருந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிடித்தார். உருண்டை நின்றது. கட்டைவிரலால் அதை லேசாக அழுத்தினார். இரண்டு மூன்று துண்டாக உடைந்து, அந்தத் துண்டுகளும் உதிர்ந்தன. உள்ளங்கையில் மண்ணின் சாயம் இருந்தது, பிசுக்கு இல்லை. அதுதான் பதம். உருண்டையே பிடிக்காவிட்டால் காய்ச்சல் அதிகம், கருவி குதிக்கும். அழுத்தும்போது உடையாமல் நசுங்கி, கையில் பளபளப்பாக ஒட்டினால் ஈரம் அதிகம். கத்தி அந்த மண்ணை வெட்டாமல் மெழுகிவிடும். அப்படி மெழுகிய மண் காய்ந்தால் செங்கல் கட்டியாகும், அடியில் ஒரு தகடுபோல் இறுகி, தண்ணீரையும் வேரையும் கீழே விடாது. எங்கள் மணற்பாங்கான செம்மண்ணில் இந்தப் பதம் இரண்டு நாள்தான் நிற்கும். பாலாற்றை ஒட்டிய வண்டல் கழனிகளில் இன்னும் சில நாள் கூடுதலாகக் கிடைக்கும்.

அன்று அதே கருவி, அதே கொல்லை. ஆனால் வேறு வேலை. கருவியின் பின்புறம் கீழ்நோக்கி ஓர் இரும்புக் கம்பி தொங்குகிறது. வாங்கிய நாளில் அதை நிறுத்தி வைப்பதற்கான கால் என்று எண்ணியிருந்தேன். உண்மையில் ஆழத்தைத் தீர்மானிப்பது அதுதான். கம்பியை இறக்கி மாட்டினால் அது மண்ணுக்குள் பதிந்து நங்கூரம்போல் கருவியை இழுத்துப் பிடிக்கும். முன்னே ஓட முடியாத கத்தி கீழ்நோக்கித் தோண்டும். ஏற்றி மாட்டினால் கருவி வேகமாக முன்னே போகும், மேலோட்டமாகக் கிளறும். கைப்பிடியைக் கீழே அழுத்தினால் கம்பி ஆழமாகப் பதிந்து வேகம் குறைகிறது, சற்றுத் தூக்கினால் கருவி நகர்கிறது. மாட்டை அதட்டி ஓட்டுவதுபோல் இதைத் தள்ளி ஓட்ட முடியாது. தள்ளத் தள்ளத் தோள்தான் வலிக்கும், கருவி தன் போக்கில்தான் போகும்.

'அகல உழுவதைவிட ஆழ உழு' என்று நம்மவர்கள் சொல்வது சரிதான், ஆனால் இந்தக் கருவியில் அந்த ஆழத்தை ஒரே சாலில் கேட்கக் கூடாது. முதல் சுற்றில் கம்பியை மேல் துளையில் மாட்டி இரண்டு அங்குலம் மட்டும் கீறினேன். இரண்டாவது சுற்றைக் குறுக்கே, கம்பியை இரண்டு துளை இறக்கி ஓட்டினேன். ஐந்து அங்குலம் வரை இறங்கியது. மூன்றாவது சுற்றும் ஓட்டலாம் என்று கை அரித்தது, ஓட்டவில்லை. மாவுபோல் நொறுங்கிய செம்மண் பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கும். அடுத்த மழையில் அந்த மாவு கரைந்து, வெயிலில் ஓடுபோல் இறுகி, முளைத்து வரும் விதையைத் தலை தூக்க விடாது. சிறு கோலிக்குண்டு அளவில் கட்டிகள் கலந்த மண்தான் விதைப்புக்கு ஏற்றது. கிணற்றடி 50 சென்ட்டுக்கு இரண்டு சுற்றுக்கும் சேர்த்து நான்கு மணி நேரமும் ஏறத்தாழ நாலரை லிட்டர் பெட்ரோலும் ஆயின. நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்திவிட வேண்டும். கருவிக்காக அல்ல, விரல்கள் மரத்துப் போவதால்.

வளைந்த கத்தியை மாற்றும்போது இன்னொரு தவறு செய்தேன். கத்திகள் 'எல்' வடிவில் பக்கவாட்டில் மடிந்திருக்கும். 1912-இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், கில்காண்ட்ராவில் தன் தகப்பனாரின் பண்ணையில் சுழல் உழவைச் சோதித்துப் பார்த்த ஆர்தர் கிளிஃபோர்ட் ஹோவர்ட் என்பவர், தொடக்க வடிவக் கத்திகள் மண்ணைப் பக்கவாட்டில் வாரி இறைத்ததைக் கண்டு இந்த மடிப்பை உருவாக்கினார்; 1920-இல் காப்புரிமை பெற்றார். நம் ஊரில் எல்லோரும் சொல்லும் 'ரொட்டவேட்டர்' என்ற பெயரும் அவருடைய நிறுவனம் வைத்ததுதான். அந்த மடிப்பில் ஒரு பக்கம்தான் கூராகத் தீட்டியிருக்கும். சுழலும்போது அந்தக் கூர்தான் முதலில் மண்ணில் பட வேண்டும். நான் கழுவித் துடைத்துவிட்டு, இடப்பக்க உருளையை வலப்பக்கமும் வலப்பக்கத்தை இடப்பக்கமும் மாட்டிவிட்டேன். எஞ்சின் நன்றாகத்தான் ஓடியது, கத்தியும் சுழன்றது, ஆனால் மண் வெட்டுப்படவில்லை. கத்தியின் முதுகு மண்ணை அடித்துக் கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் கார்புரேட்டரைச் சந்தேகித்துத் திருகிக் கொண்டிருந்த பிறகுதான், உட்கார்ந்த நிலையில் கத்தியின் கூர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனித்தேன். இப்போது உருளைகளில் 'இ', 'வ' என்று மஞ்சள் பெயின்டால் எழுதி வைத்திருக்கிறேன்.

கத்தரிக்கு வருவோம். எங்கள் பக்கத்தில் கத்தரி என்றால் இலவம்பாடி முள்ளுக் கத்தரிதான். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெளியூர்க்காரர்களும் பெயரைச் சொல்லிக் கேட்கிறார்கள். கருவி வாங்கிய பின் வந்த முதல் பட்டத்தில் (சாகுபடிப் பருவத்தில்) வழக்கம்போல் இரண்டடிக்கு இரண்டடி நட்டிருந்தேன். என் கருவியின் எல்லா உருளைகளையும் மாட்டினால் வெட்டும் அகலம் மூன்றடி. வெளி உருளைகள் இரண்டையும் கழற்றினால் இரண்டடிக்குச் சற்றுக் குறைவு. இரண்டடி இடைவெளியில் இரண்டடிக் கருவி எப்படிப் போகும்? ஒரு வரிசையை ஓட்டிப் பார்த்தேன். இரு பக்கமும் பத்துப் பதினைந்து செடி போயின, முள் என் முழங்காலைக் கீறியது. அந்தப் பட்டம் முழுவதும் களைக்கொத்தோடுதான் முடிந்தது. கருவி வாங்குவதற்கு முன்னரே வரிசையை அளந்திருக்க வேண்டும், அல்லது கருவியை அளந்துவிட்டு நட்டிருக்க வேண்டும். நான் இரண்டையும் செய்யவில்லை.

அடுத்த பட்டத்தில் வரிசைக்கு வரிசை மூன்றடியும் செடிக்குச் செடி இரண்டடியும் விட்டு நட்டேன். உழும்போதே ஏக்கருக்குப் பத்து டன் கணக்கில் மக்கிய தொழு உரத்தைப் பரப்பி, இரண்டாவது சுற்றில் மண்ணோடு கலந்துவிட்டேன். இந்த வேலையைச் சுழல் கத்திபோல் வேறு எந்தக் கருவியும் செய்வதில்லை. நட்ட இருபதாம் நாளில் முதல் களைக்கு இறங்கினேன். உருளையின் இரு முனையிலும் தட்டுப்போல் ஒரு வட்டத் தகடு மாட்டும் வசதி உண்டு. அது கத்தியைச் செடியின் பக்கம் போகவிடாது, மண் செடிமேல் விழுவதையும் தடுக்கும். பழைய கருவியோடு அது வராததால், கிடைத்த இரும்புத் தகட்டை வட்டமாக வெட்டித் துளையிட்டு நானே மாட்டினேன். ஒரு சாலுக்கு இரண்டு பக்கமும் அரையடி மிச்சமிருந்தது. கம்பியை முழுவதும் ஏற்றி, இரண்டு அங்குலத்துக்கு மேல் இறங்காமல் ஓட்டினேன். கத்தரியின் உணவு வேர்கள் மேலாகத்தான் பரவுகின்றன. நடவில் கயிறு பிடித்து நட்ட வரிசைகளில் கருவி தானாகப் போனது; கண் மதிப்பில் நட்ட நான்கு வரிசைகளில் மட்டும் ஒவ்வொரு அடிக்கும் வேர்த்தது. செடிக்குச் செடி நடுவில் இருக்கும் களையைக் கையால்தான் எடுக்க வேண்டும், அதற்கு மாற்று இல்லை. இருந்தாலும் எட்டு ஆள் வேலை இரண்டு ஆளாகக் குறைந்தது.

எந்தக் களை என்பதும் முக்கியம். விதையால் முளைக்கும் சாரணை, கீரை வகைகளைச் சுழல் கத்தி வேரோடு கிளப்பிப் போட்டுவிடும். வெயிலில் அன்றே வாடிவிடும். கோரையும் அருகும் அப்படியல்ல. கோரையின் கிழங்குகள் மண்ணுக்குள் சங்கிலிபோல் கோத்திருக்கும். சங்கிலி அறுந்தால் அதுவரை தூங்கிக் கொண்டிருந்த கிழங்கெல்லாம் தனித்தனியாக முளைக்கும். அருகைத் துண்டாக்கினால் ஒவ்வொரு கணுவும் ஒரு புல். கிணற்று மேட்டில் பாய் அகலத்துக்கு இருந்த அருகை, ஈரத்தோடு ஓட்டி நானே அரைப் பாத்திக்குப் பரப்பிவிட்டேன். இப்போது அந்த இடத்துக்குக் கருவியைக் கொண்டு போவதில்லை. கோரை உள்ள மூலையை மட்டும் கத்திரி வெயிலில், தண்ணீர் காட்டாமல், வாரம் ஒருமுறை கிளறிக் கிழங்கை மேலே கொண்டுவந்து காய விட்டேன். வேலூர் வெயிலைத் திட்டாதவர் கிடையாது. அந்த மூன்று வாரம் மட்டும் நான் திட்டவில்லை. கோரை முற்றாக ஒழியவில்லை, ஆனால் பாதிக்கு மேல் குறைந்தது.

இனிப் பழுதுக் கதை. முப்பது மணி நேரம் ஓடியிருக்கும். ஒரு மாலையில் கருவியைச் சாய்த்தபோது, இடப்பக்கக் கத்தி அச்சு கியர் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் மண் கருப்பாக ஈரமாக ஒட்டியிருந்தது. விரலால் தொட்டால் எண்ணெய். அச்சைச் சுற்றி எண்ணெயை வெளியே விடாமல் தடுக்கும் ரப்பர் உதட்டு வளையம், அதாவது ஆயில் சீல், போயிருந்தது. டவுனில் ஒரு பட்டறையில் கொடுத்தேன். அன்றே மாற்றித் தந்தார்கள். பத்து மணி நேரம் ஓடவில்லை, மறுபடியும் அதே கசிவு, இந்த முறை வலப்பக்கமும் சேர்ந்து. பட்டறையில் கேட்டதற்கு, "பழைய வண்டி சார், கொஞ்சம் கசியத்தான் செய்யும்" என்ற பதில் வந்தது. கசியும் எண்ணெய் என் கத்தரிப் பாத்தியில்தானே விழுகிறது? வீட்டிலேயே பிரித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

முதல் வேலையாக ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைக் கழற்றி ஓரமாகத் திருப்பி வைத்தேன். கத்தியில் சிக்கிய புல்லை எடுப்பதாக இருந்தாலும் இதைச் செய்யாமல் கையை அருகே கொண்டு போகக் கூடாது. எஞ்சின் நின்றிருப்பதாக நாம் எண்ணிக் கொண்டிருக்கும்போது கத்தியைத் திருப்பினாலே அது பற்றிக் கொள்ள வாய்ப்புண்டு. பிறகு கியர் பெட்டியின் வடிகால் போல்ட்டைத் திறந்து எண்ணெயை ஒரு பேசினில் வடித்தேன். தேன் நிறத்தில் வர வேண்டிய எண்ணெய், டீயில் பால் அதிகமானதுபோல் வெளுத்து வந்தது. தண்ணீர் கலந்திருக்கிறது. வேலை முடிந்ததும் கிணற்று மோட்டார் குழாயை நேராக அச்சில் பிடித்துக் கழுவும் என் பழக்கம் நினைவுக்கு வந்தது. தேய்ந்த சீல் எண்ணெயை வெளியே விடுவதோடு தண்ணீரை உள்ளேயும் விடும்.

உருளையை அச்சோடு பிடித்திருந்த ஊசி போல்ட் துருப்பிடித்து அசையவில்லை. டீசல் ஊற்றி ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் மரக்கட்டை வைத்துத் தட்டியதும் வந்தது. உருளை நகர்ந்தவுடன் காரணத்தின் ஒரு பாதி கண்ணில் பட்டது. அச்சைச் சுற்றி விரல் தடிமனுக்கு ஒரு வளையம்: அருகங்கொடி, தென்னை நார், சொட்டுநீர்க் குழாயின் கிழிசல், இவற்றோடு உர மூட்டையின் வாயைத் தைத்திருந்த நைலான் நூல். நார் எவ்வளவு இருந்தாலும் பரவாயில்லை. நைலான்தான் எமன். சுழற்சியின் சூட்டில் அது உருகி, மெல்லிய கண்ணாடி வளையம்போல் இறுகி, சீலின் ரப்பர் உதட்டுக்கு அடியில் நுழைந்திருந்தது. பிளேடால் ஓரமாகக் கீறி எடுக்க அரை மணி நேரம் ஆயிற்று.

சீலை நெம்பி எடுத்தால் அது உட்கார்ந்திருக்கும் குழியின் சுவர் கீறும். அதனால் சீலின் தகட்டுப் பகுதியில் சிறு துளையிட்டு, ஒரு மரத்திருகாணியை இரண்டு சுற்று ஏற்றி, அதன் தலையைக் கட்டிங் பிளேயரால் பிடித்து இழுத்தேன். சீலின் முகத்திலேயே 30-47-7 என்று அச்சிட்டிருந்தது. உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன், எல்லாம் மில்லிமீட்டரில். இந்த மூன்று எண் கையில் இருந்தால் கருவியின் கம்பெனியைத் தேடி அலைய வேண்டியதில்லை. எந்தப் பேரிங் கடையிலும் கிடைக்கும். காட்பாடி சாலைக் கடையொன்றில், தூசிக்குத் தனி உதடு உள்ள இரட்டை உதட்டு வகையாகக் கேட்டு இரண்டு வாங்கினேன். இரண்டும் சேர்ந்து ஒரு கூடைக் கத்தரியின் விலைகூட ஆகவில்லை.

பட்டறையில் போட்ட சீல் ஏன் நிற்கவில்லை என்பதன் மறுபாதி, அச்சைத் துடைத்து நகத்தால் தடவியபோது புரிந்தது. பழைய சீலின் உதடு பட்டுப்பட்டு, அச்சில் மயிரிழை ஆழத்துக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது. புதுச் சீலையும் அதே ஆழத்துக்கு அடித்து இறக்கினால் அதன் உதடு அந்தப் பள்ளத்திலேயே போய் உட்காரும். குழியில் இடமிருந்ததால், நான் இரண்டு மில்லிமீட்டர் வெளியே நிறுத்தினேன். உதடு தேயாத புது இடத்தைப் பிடித்தது. ஏற்றுவதற்கு முன் அச்சின் அறுகோண முனையில் செல்லோடேப் சுற்றினேன், இல்லாவிட்டால் அந்த ஆறு விளிம்பும் புது ரப்பரைக் கிழித்துவிடும். உதட்டில் கிரீஸ் தடவி, சுருள் கம்பி தெரியும் பக்கம் எண்ணெயை நோக்கி உள்ளே இருக்குமாறு வைத்து, அதே வெளிவிட்டத்துக்குப் பொருந்திய பி.வி.சி. குழாய்த் துண்டை மேலே நிறுத்திச் சுற்றிலும் சமமாகத் தட்டினேன்.

இவ்வளவோடு மூடியிருந்தால் மீண்டும் கசிந்திருக்கும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஏன் கசிய வேண்டும் என்ற கேள்வி மனத்தை விட்டுப் போகவில்லை. கியர் பெட்டியின் தலையில் சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு குமிழ் மூடி இருந்தது. எண்ணெய் ஊற்றும் மூடி அது இல்லை. கழற்றிப் பார்த்தபோது அதன் நடுவில் இருந்த துளையைச் சேறும் எண்ணெயும் கலந்து கல்லாக அடைத்திருந்தன. அது மூச்சுத் துளை. ஓட ஓடக் கியர் பெட்டி சூடாகி, உள்ளே உள்ள காற்று விரிகிறது. வெளியேற வழி இல்லாதபோது அது எண்ணெயைத் தள்ளிக் கொண்டு, இருப்பதிலேயே மெலிந்த இடமான சீலின் உதடு வழியாக வருகிறது. மெல்லிய செம்புக் கம்பியால் குத்தி, பெட்ரோலில் அலசி, ஊதிப் பார்த்து மாட்டினேன். புதிய 90 நம்பர் கியர் ஆயிலை, கருவியைச் சமதரையில் நிறுத்தி, மட்டத் துளையில் வழியும் வரை ஊற்றினேன். அதன் பிறகு 40 மணி நேரத்துக்கு மேல் ஓடிவிட்டது. அச்சு காய்ந்தே இருக்கிறது. கழுவுவதை நிறுத்திவிட்டேன், தென்னந்துடைப்பத்தால் தட்டிவிடுவதோடு சரி. ஒவ்வொரு நாள் ஓட்டத்துக்குப் பிறகும் அச்சில் நூல் சுற்றியிருக்கிறதா என்று பார்ப்பதும், உர மூட்டைத் தையல் நூலைக் கொல்லையில் போடாமல் சட்டைப் பையில் வைத்துக்கொள்வதும் வழக்கமாகிவிட்டன.

எஞ்சினால் பெரிய தொல்லை இல்லை. காற்று வடிகட்டியின் ஸ்பாஞ்சை, புழுதியில் ஓட்டிய ஒவ்வொரு நாளும் சோப்பு நீரில் அலசி உலர்த்தி, சில சொட்டு எஞ்சின் ஆயில் தடவிப் பிழிந்து மாட்டுகிறேன். இப்போது கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் இருப்பதால், அது ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. மூன்று வாரம் சும்மா நின்ற கருவி ஒருமுறை கிளம்ப மறுத்தது. கார்புரேட்டரின் கிண்ணத்தைக் கழற்றியபோது அடியில் தண்ணீர்ச் சொட்டுகள் தனியாக நின்றன. பட்டம் முடிந்து நிறுத்தும்போது பெட்ரோல் குழாயை மூடி, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டுக் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

மல்லாட்டைக் கொல்லையில் இந்தக் கருவியை விதைப்புக்கு முந்தைய உழவோடு நிறுத்திக்கொள்கிறேன். ஓரடி வரிசைக்குள் அது நுழையாது. அங்கே சக்கரம் வைத்த கைத்தள்ளு களைக்கருவிதான் சரி. அதையும் மண் அணைக்கும் நாற்பது, நாற்பத்தைந்தாம் நாளோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். காய் பிடிக்கும் விழுது பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கத் தொடங்கிய பிறகு மண்ணைத் தொட்டால் காய் பிடிக்காது. இந்த ஆடியில் விதைப்பதற்காக இன்று கருவியை இறக்கி, முதல் சுற்றைக் கீறிவிட்டு வந்திருக்கிறேன். உள் உருளைகளின் கத்திகள் வெளிக் கத்திகளைவிட ஒரு விரல்கடை தேய்ந்திருக்கின்றன. எட்டுக் கத்தி வாங்கி வைத்திருக்கிறேன், பதம் போவதற்குள் நாளைக் குறுக்குச் சுற்றை முடித்துவிட்டு அவற்றை மாற்ற வேண்டும்.